ஐந்தடி இரண்டங்குல மேயர்: லா கார்டியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் போய் வந்தவர்களுக்கு லா கார்டியா என்றால் விமான நிலையம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஃபியோரெல்லோ லா கார்டியா. 1934 முதல் 1945 வரை, தொடர்ந்து மூன்று தடவை, அந்த ஊரின் மேயராக இருந்தவர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். முதலில் வருவது ரொட்டிக் கதை. அதிலிருந்தே தொடங்கலாம்.

ரொட்டி திருடிய பாட்டிக்கு அபராதம் போட்டு, அதைத் தானே கட்டிய நீதிபதி இவர்தானா?

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் கதை இது. குளிர்கால இரவு. பேரப்பிள்ளைகளின் பசிக்காக ரொட்டி திருடிய ஒரு பாட்டி. பத்து டாலர் அபராதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நீதிபதியே தன் பையிலிருந்து பத்து டாலரை எடுத்து வைக்கிறார். அப்புறம், இப்படி ஒரு பாட்டி திருட வேண்டியிருக்கும் ஊரில் வாழ்ந்த குற்றத்துக்காக கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் தலா ஐம்பது சென்ட் அபராதம்.

படிக்கும்போது கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் பாட்டிக்குப் பெயர் கிடையாது, வழக்கு எண் கிடையாது, வருடத்தை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். சிலர் சொல்லும்போது பாட்டியே தாத்தாவாக மாறிவிடுகிறார். இதை நடந்த சம்பவம் என்று சொல்லி நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

கதை முளைக்க இடம் இருந்தது என்பது வேறு விஷயம். அன்றைய சட்டப்படி நியூயார்க் மேயர் மாஜிஸ்திரேட்டாகவும் உட்காரலாம். அந்த அதிகாரம் பெரும்பாலானவர்களுக்கு மறந்தே போயிருந்தது. லா கார்டியா மறக்கவில்லை. பதவிக்கு வந்த புதிதில் அப்படி உட்கார்ந்து சூதாட்ட மெஷின் வழக்கு ஒன்றை விசாரித்தார். ஆக, மேயர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தது நிஜம். ரொட்டிக்கு மட்டும் நான் ஜாமீன் தர மாட்டேன்.

ஃபியோரெல்லோ என்றால் என்ன?

இத்தாலிய மொழியில் 'சின்னப் பூ'. ஆள் ஐந்தடி இரண்டங்குலம். குண்டு உடம்பு, கீச்சுக் குரல். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இரண்டு கட்டை மேலே போகும். பத்திரிகைக்காரர்கள் அவரைச் 'சின்னப் பூ' என்றே எழுதினார்கள், பாசத்தோடும் நக்கலோடும்.

அவர் இத்தாலியரா, யூதரா?

அப்பா அகில்லே, தெற்கு இத்தாலியிலுள்ள செரிஞோலா ஊர்க்காரர், இசைக் கலைஞர். அம்மா இரேனே கோயென், திரியெஸ்தே நகரத்து யூதக் குடும்பம். அப்பா கத்தோலிக்கராகப் பிறந்தவர், அம்மா யூதர், பிள்ளை வளர்ந்ததோ எபிஸ்கோபல் என்ற புராட்டஸ்டண்ட் சபையில். பிறந்தது 1882 டிசம்பர் 11, நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில். இத்தாலியர்களும் யூதர்களும் லட்சக்கணக்கில் குடியிருந்த ஊரில் ஓட்டுக் கேட்கிறவருக்கு இதைவிட வசதியான பிறப்பு அமையாது. ஆனால் அம்மா வழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. தேவையான நேரத்தில் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார், அதைக் கீழே சொல்கிறேன்.

வளர்ந்ததும் நியூயார்க்கிலா?

இல்லை, அரிசோனாவில். அப்பா ராணுவத்தில் பேண்ட் மாஸ்டராகச் சேர்ந்ததால் பையன் பிரெஸ்காட் என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த ராணுவ முகாமில் வளர்ந்தான். ஒருநாள் அந்த ஊருக்குக் குரங்கோடு ஓர் இத்தாலியர் வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும் பெட்டியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் வாசித்துக் காசு வாங்குகிறவர். கூட விளையாடிய பையன்கள் ஃபியோரெல்லோவைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தாலியர்களைத் திட்டும் 'டேகோ' என்ற வசைச் சொல்லைச் சொல்லி, "நீயும் டேகோதானே, உன் குரங்கு எங்கே?" என்று கேட்டார்கள். போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து அப்பா வந்து, அந்த ஆளோடு சொந்த ஊர் பாஷையில் பேச ஆரம்பித்து, வீட்டுக்கு மக்ரோனி சாப்பிடவும் அழைத்துவிட்டார். பையன்கள் ரொம்ப நாளைக்கு அதை வைத்தே கிண்டல் செய்தார்கள்.

நாற்பது சொச்சம் வருடம் கழித்து மேயரானதும், இந்தத் தெருப் பாட்டுப் பெட்டிக்காரர்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது அதிகாரபூர்வமான காரணம். நகரத்தில் பலர் வருத்தப்பட்டார்கள். பிரெஸ்காட் கதையைப் பிற்பாடு அவரே எழுதி வைத்ததால் நிஜக் காரணம் நமக்குத் தெரிகிறது. பிழைப்புப் போனது என்னவோ அந்தக் கிழட்டு இத்தாலியர்களுக்குத்தான். மனிதரின் நல்லது கெட்டது இரண்டையும் இந்த ஒரு உத்தரவிலேயே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

அரசியலுக்கு வருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்?

1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது, கெட்டுப்போன மாட்டிறைச்சி டப்பாக்கள் ராணுவ வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அதைச் சாப்பிட்டுத்தான் அப்பாவின் உடம்பு கெட்டது என்று மகன் கடைசிவரை நம்பினார். ராணுவத்துக்குச் சரக்கு விற்றுக் கொள்ளையடிக்கிறவர்கள் மேல் வந்த கோபம் அன்று தொடங்கியது. குடும்பம் அம்மாவின் ஊருக்குத் திரும்பியது, பையனுக்கு அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதலில் புடாபெஸ்ட், அப்புறம் ஃப்யூமே. இன்றைக்குக் குரோஷியாவில் ரியேகா என்கிறார்களே, அந்தத் துறைமுகம்.

ஃப்யூமேயிலிருந்து கப்பல் கப்பலாக ஏழைகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நியூயார்க்கில் இறங்கியதும் எல்லிஸ் தீவில் மருத்துவப் பரிசோதனை. கண்ணில் டிரக்கோமா தொற்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிலத்தை விற்று டிக்கெட் வாங்கி வந்தவன் அப்படியே திரும்ப வேண்டியதுதான். இருபத்திரண்டு வயது லா கார்டியா, பரிசோதனையைக் கப்பல் ஏறும் முன்பே இங்கேயே செய்யுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். கப்பல் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் செய்ய வேண்டியதாயிற்று.

அங்கே இன்னொன்றும் நடந்தது. ஆஸ்திரிய அரச குடும்பத்து மரியா யோசெஃபா, குடியேறுகிறவர்கள் கப்பல் ஏறுவதை வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டார். அவருக்கு வசதியான நாளில் ஏற்ற வேண்டுமென்றால், கப்பல் கிளம்புவதற்குப் பல நாள் முன்னாலேயே நூற்றுக்கணக்கான பேரைக் கீழ்த்தளத்தில் அடைத்து வைக்க வேண்டும். லா கார்டியா கையெழுத்துப் போட மறுத்தார். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

1906-இல் நியூயார்க் திரும்பினார். பகலில் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர், இரவில் சட்டக் கல்லூரி. 1910-இல் வக்கீல்.

எத்தனை மொழி தெரியும்?

இத்தாலியம், ஜெர்மன், குரோஷியம், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி), ஹங்கேரியம், பிரெஞ்சு என்று அடுக்குவார்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் புலமை இருந்திருக்காது. மேடையில் பிழைக்கும் அளவுக்கு இருந்தது, அது போதுமே.

1922-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்றபோது, எதிராளி ஹென்றி ஃபிராங்க் தரப்பு அவரை யூத விரோதி என்று துண்டறிக்கை போட்டது. ஃபிராங்க் யூதர். லா கார்டியா, "என் அம்மாவும் யூதர்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. இத்திஷ் மொழியிலேயே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, "வாருங்கள், முழுக்க முழுக்க இத்திஷில் விவாதம் செய்யலாம்" என்று சவால் விட்டார். ஃபிராங்குக்கு இத்திஷ் பேச வராது! லா கார்டியா 168 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

காங்கிரஸில் என்ன சாதித்தார்?

முதலில் ஜெயித்தது 1916-இல். முதல் உலகப்போருக்கும் ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு, போட்ட கையோடு தானும் விமானப் படையில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார். பயிற்சி முகாம் இருந்தது ஃபோஜ்ஜாவில், அப்பா பிறந்த ஊருக்குப் பக்கம். மேஜராகத் திரும்பினார்.

பிறகு 1921, அவருடைய மிக மோசமான வருடம். முதல் குழந்தையும், அடுத்து மனைவி தேயாவும் இறந்தார்கள். அதே வருடம் மேயர் வேட்பாளராக நிற்கக் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்றார். 1929-இல் தன் செயலாளராக இருந்த மரீ ஃபிஷரை மணந்தார். இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

காங்கிரஸில் அவர் பாதி நாடகக்காரர். மதுவிலக்குக் காலத்தில், கடையில் சட்டப்படி கிடைக்கும் போதையில்லாத பீரையும் மருந்துக் கடை மால்ட் டானிக்கையும் நிருபர்கள் முன்னால் கலந்து குடித்து, "பீர் ரெடி, வந்து பிடியுங்கள்" என்றார். யாரும் பிடிக்கவில்லை. கறி விலை ஏறியபோது, சட்டைப் பையிலிருந்து ஆட்டுக்கறித் துண்டை எடுத்துச் சபையிலேயே ஆட்டிக் காட்டினார். விவசாயத் துறை அவருக்கு அனுப்பியிருந்த உதவி என்ன தெரியுமா? கறியைச் சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்ற பிரசுரங்கள்.

நிலைத்து நின்றது 1932-ஆம் ஆண்டின் நோரிஸ்–லா கார்டியா சட்டம். "சங்கத்தில் சேர மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலை கொடுக்கும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. வேலைநிறுத்தம் என்றாலே கோர்ட்டுக்கு ஓடித் தடையாணை வாங்குவதையும் கடினமாக்கியது. அந்தச் சட்டம் வந்த அதே வருடம் தேர்தலில் தோற்றார்.

டாமனி ஹால் என்கிறார்களே, அது என்ன கட்டிடமா?

கட்டிடமும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் நியூயார்க் டெமாக்ரடிக் கட்சியின் உள்ளூர் இயந்திரம் என்றுதான் பொருள். உன் வார்டில் உனக்கு ஒரு ஆள் இருப்பார். குளிருக்கு நிலக்கரி, பண்டிகைக்கு வான்கோழி, மகனுக்கு மாநகராட்சியில் வேலை எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தேர்தலன்று நீ அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புரியாத ஏற்பாடு அல்ல!

1930-க்குப் பிறகு சாமுவேல் சீபரி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி இதைத் தோண்ட ஆரம்பித்தார். ஷெரிஃப் தாமஸ் ஃபார்லி சாட்சிக் கூண்டில் ஏறினார். வருடச் சம்பளம் 8,500 டாலர், ஆறு வருடத்தில் வங்கியில் போட்டது மூன்றரை லட்சத்துக்கு மேல். பணம் எங்கிருந்து வந்தது? வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதிலிருந்து எடுத்தேன். அப்படியானால் அது அதிசயப் பெட்டியோ? ஆமாம், அதிசயப் பெட்டிதான். ஃபார்லியின் பதவி போனது. அடுத்து மேயர் ஜிம்மி வாக்கரே கூண்டில் ஏறி, 1932 செப்டம்பர் 1 அன்று ராஜினாமா செய்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். 1929-இல் லா கார்டியாவை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஓட்டில் தோற்கடித்த அதே வாக்கர்.

டெமாக்ரட் ஊரில் ஒரு ரிபப்ளிகன் எப்படி ஜெயித்தார்?

எதிரிகள் இரண்டாகப் பிரிந்ததால். 1933-இல் டாமனி வேட்பாளர் ஓ'பிரையன் ஒரு பக்கம், டாமனியோடு முறைத்துக்கொண்ட டெமாக்ரட்டுகளின் மெக்கீ இன்னொரு பக்கம். லா கார்டியா ரிபப்ளிகன்களும் சீர்திருத்தக்காரர்களும் சேர்ந்த 'ஃப்யூஷன்' கூட்டணி வேட்பாளர். அவருக்கு 8.68 லட்சம், மெக்கீக்கு 6.09 லட்சம், ஓ'பிரையனுக்கு 5.86 லட்சம். மற்ற இருவரின் ஓட்டையும் கூட்டினால் லா கார்டியா தோற்றிருப்பார். ஊழலுக்கு எதிராக மக்கள் அலை அலையாகத் திரண்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

1934 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில், தகரப் பெட்டியைத் திறந்துகாட்டிய சீபரியின் வீட்டிலேயே பதவிப் பிரமாணம். சிட்டி ஹாலுக்குள் நுழையும்போது இத்தாலிய மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். நம் பேச்சில் சொன்னால், "ஓசிச் சோறு முடிந்தது!" சொன்னதோடு தன் சம்பளத்தையும் 22,500 டாலராகக் குறைத்துக்கொண்டார்.

கஜானா காலி என்றால் இவ்வளவு கட்ட பணம் எங்கிருந்து வந்தது?

வாஷிங்டனிலிருந்து. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் பாதிக் கதைதான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் டெமாக்ரட், ஆனால் டாமனியோடு ஆகாதவர். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அவரிடம் பணம் இருந்தது, செலவழிக்கத் தயார் நிலையில் திட்டம் வைத்திருந்த ஊர்கள் குறைவு. லா கார்டியா விமானம் ஏறி அடிக்கடி வாஷிங்டன் போனார், கக்கத்தில் வரைபடங்களோடு. ஒரு கட்டத்தில் நாடு முழுதுக்குமான டபிள்யூ.பி.ஏ. வேலைவாய்ப்புத் திட்டச் செலவில் ஏழில் ஒரு பங்கு இந்த ஒரே ஊருக்குப் போனது. அப்போது அமெரிக்காவில் 48 மாநிலங்கள். நியூயார்க்கை 49-ஆவது மாநிலம் போலவே நடத்தினார்கள்.

உள்ளூரிலும் கசப்பு மருந்து இருந்தது: சம்பளக் குறைப்பு, ஆள்குறைப்பு, 1934-இல் நிவாரணச் செலவுக்காக இரண்டு சதவீத விற்பனை வரி.

என்னென்ன கட்டினார்?

ட்ரைபரோ பாலம் (1936), கீழ்க் கிழக்குப் பகுதியில் ஃபர்ஸ்ட் ஹவுசஸ் என்ற பொதுக் குடியிருப்பு (1935), பள்ளிகள், நீச்சல் குளங்கள், பூங்காக்கள், தெருவில் நின்ற தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கூரை போட்ட சந்தைகள். தனியார் கையிலிருந்த சுரங்க ரயில் பாதைகளை 1940-இல் நகரமே வாங்கி ஒன்றாக்கியது. தெருவோர வியாபாரிகளில் எல்லோருக்கும் சந்தையில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவற்றில் பாலம், பூங்கா, குளம் எல்லாவற்றிலும் பாதிப் பெருமை ராபர்ட் மோசஸுக்கு. பூங்காத் துறை ஆணையர். நினைத்தபடி நடக்கவில்லையென்றால் "ராஜினாமா செய்கிறேன்" என்று மிரட்டுவது அவர் வழக்கம். பொறுக்க முடியாமல் லா கார்டியா, "ராபர்ட் மோசஸ் ஆகிய நான் ராஜினாமா செய்கிறேன்" என்று அச்சடித்த படிவக் கட்டு ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

விமான நிலையத்துக்கும் அவருக்கும் என்ன சண்டை?

டிக்கெட்டில் தொடங்கிய சண்டை. 1934 நவம்பரில் டி.டபிள்யூ.ஏ. விமானத்தில் ஊர் திரும்பினார். விமானம் நெவார்க்கில் இறங்கியது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சி மாநிலம். அந்தக் காலத்தில் நியூயார்க் போகிறவர்கள் எல்லோரும் இறங்கும் இடம் அதுதான், யாரும் கேள்வி கேட்டதில்லை. மற்றப் பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். மேயர் மட்டும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். "இதில் நியூயார்க் என்று போட்டிருக்கிறது. இது நெவார்க்." கடைசியில் அவர் ஒருவருக்காக விமானம் மறுபடி கிளம்பி, புரூக்ளினில் இருந்த ஃபிளாய்ட் பென்னட் விமானத் தளத்தில் கொண்டுபோய் இறக்கியது. நிருபர்களுக்குத் தீனி கிடைத்தது.

இது திடீர்க் கோபமா, யோசித்துச் செய்த நாடகமா? இரண்டும் என்பேன். தனக்குத் தேவையான நேரத்தில் கோபம் வருகிற கலை அவருக்குக் கைவந்திருந்தது. ஐந்து வருடத்தில் குவீன்ஸ் கடலோரத்தில், ரைக்கர்ஸ் தீவின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டித் தண்ணீரைத் தூர்த்து, புது நிலையம் எழுந்தது. 1939 அக்டோபர் 15-இல் திறப்பு விழா. வீண் செலவு என்றவர்கள் சீக்கிரமே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆர்ட்டிசோக்குக்குத் தடை போட்டது உண்மையா? ஒரு காய்க்கா?

ஒரு காய்க்குத்தான். தாமரை மொட்டுப் போல இதழ் இதழாக இருக்கும் அந்தக் காய் இல்லாமல் இத்தாலியர் வீட்டுப் பண்டிகைச் சமையல் நடக்காது. கலிஃபோர்னியாவிலிருந்து வரும் பெட்டிகளை சீரோ டெரனோவா என்ற மாஃபியா ஆளின் கும்பல் மொத்தமாக மடக்கி, தான் வைத்ததுதான் விலை என்று விற்றது. 'ஆர்ட்டிசோக் ராஜா' என்று பட்டமே உண்டு. வாங்க மறுக்கும் வியாபாரிக்கு அடி, உதை.

1935 டிசம்பர் 21. விடிந்தும் விடியாத நேரம், பிராங்ஸ் மொத்தச் சந்தை. குளிரில் வண்டிகளிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எக்காளச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். ஊதியவர்கள் போலீஸ்காரர்கள். பக்கத்தில் குட்டையாக மேயர், கையில் சுருட்டிய காகிதம். அதைப் பிரித்து, அவசர நிலை கருதி இன்றுமுதல் நியூயார்க் நகரில் சின்ன ஆர்ட்டிசோக்கை விற்பது, பார்வைக்கு வைப்பது, கையில் வைத்திருப்பது எல்லாமே குற்றம் என்று படித்தார். பிறகு நிருபர்களிடம், தனக்கும் அந்தக் காய் ரொம்பப் பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

சட்டப்படி அது எவ்வளவு நாள் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததா? நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. விற்க முடியாத காயை வைத்துக்கொண்டு கும்பல் என்ன செய்யும்? விலை விழுந்தது, சில நாளில் தடையும் எடுக்கப்பட்டது.

அப்படியானால் மாஃபியாவை ஒழித்தவர் அவர்தானா?

சம்மட்டியால் ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட மெஷின்களை உடைக்கும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அப்படி நினைப்பார்கள். உடைத்தது உண்மை, உடைத்ததைப் படகில் ஏற்றிப் போய்த் தண்ணீரில் கொட்டியதும் உண்மை. மெஷின்களின் முதலாளி ஃபிராங்க் காஸ்டெல்லோ மிச்சத்தை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோய்த் தொழிலைத் தொடர்ந்தார். மாஃபியா தலைவன் லக்கி லூச்சியானோவை 1936-இல் உள்ளே தள்ளியது வழக்கறிஞர் தாமஸ் டூயி. அந்தப் பெருமையை மேயர் கணக்கில் எழுதக் கூடாது.

நல்லவர்தான், ஆனால் சர்வாதிகாரி என்கிறார்களே?

கூட வேலை பார்த்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். உதவியாளர்களை எல்லோர் முன்னாலும் திட்டுவார், அதிகாரிகளை அவமானப்படுத்துவார். தனக்குப் பிடிக்காதது ஊருக்கும் ஆகாது என்று நினைக்கிற ஆள். 1937-இல் பர்லெஸ்க் என்ற கவர்ச்சி நடன அரங்குகளை மூட வைத்தார். 1942-இல் காசு போட்டு ஆடும் பின்பால் மெஷின் விளையாட்டுக்குத் தடை, அது 1976 வரை நீடித்தது. 1940-இல் சிட்டி காலேஜில் தத்துவம் கற்பிக்க பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நியமிக்கப்பட்டபோது மதவாதிகள் கூச்சல் போட்டார்கள். கோர்ட் நியமனத்தை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்கு நிற்க வேண்டிய மேயர், அந்தப் பதவிக்கான தொகையையே பட்ஜெட்டிலிருந்து அடித்துவிட்டார். எதிர்த்து நிற்பதில் பேர் போனவர் வளைந்து கொடுத்த இடம் அது.

தப்பை ஒப்புக்கொள்ளவும் தெரியும். ஒரு நீதிபதி நியமனம் சொதப்பியபோது, "நான் தப்புச் செய்வது அபூர்வம், செய்தால் அது அட்டகாசமாக இருக்கும்" என்ற தொனியில் சொன்ன பதில் இன்றும் மேற்கோளாக ஓடுகிறது.

கறுப்பின மக்களுக்கு அவர் என்ன செய்தார்?

செய்ததும் உண்டு, கைவிட்டதும் உண்டு. 1939-இல் ஜேன் போலினை நீதிபதியாக்கினார். அமெரிக்காவிலேயே நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். 1943 ஆகஸ்டில் ஒரு போலீஸ்காரர் கறுப்பினப் போர்வீரர் ஒருவரைச் சுட்டதால் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமில் கலவரம் வெடித்தபோது, கறுப்பினத் தலைவர்களோடு தெருத்தெருவாகப் போனார், திரும்பத் திரும்ப வானொலியில் பேசினார், போலீஸ் கண்மண் தெரியாமல் சுடாமல் பார்த்துக்கொண்டார். அப்படியும் ஆறு பேர் இறந்தார்கள்.

ஆனால் 1935-இல் ஹார்லெமில் நடந்த முந்தைய கலவரத்துக்குக் காரணம் கண்டறிய அவரே அமைத்த குழு, போலீஸ் அராஜகம், வேலையில் பாகுபாடு, பாழடைந்த மருத்துவமனை என்று எழுதிக் கொடுத்தபோது அந்த அறிக்கையை வெளியிடவில்லை. ஹார்லெம் பத்திரிகைதான் அதை அச்சிட்டது. 1943-இல் ஸ்டைவசண்ட் டவுன் என்ற மாபெரும் குடியிருப்புக்கு வரிச்சலுகை கொடுத்தார். கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி கறுப்பர்களை அங்கே குடிவைக்காது என்பது தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். 1944-இல், போர்க்காலத் தடுப்பு முகாம்களிலிருந்து விடப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் நியூயார்க்கில் குடியேறுவதையும் எதிர்த்தார். எல்லிஸ் தீவில் வேலை பார்த்தவர் செய்கிற காரியமா இது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஹிட்லரோடு மோதினாராமே?

1937 மார்ச்சில், வரப்போகிற உலகக் கண்காட்சியில் ஒரு 'பயங்கரக் கூடம்' வைத்து, உலக அமைதியைக் கெடுக்கும் பழுப்புச் சட்டை வெறியரின் உருவத்தை நிறுத்தலாம் என்று பேசினார். ஜெர்மனி கண்டனம் தெரிவித்தது, அமெரிக்க வெளியுறவுத் துறை வருத்தம் தெரிவித்தது, மேயர் அதையே மறுபடியும் சொன்னார்.

இதற்கான விலையை ஏதோ ஒரு வகையில் அவருடைய அக்காதான் கொடுத்தார். அவரைவிட ஒரு வயது மூத்தவரான ஜெம்மா, புடாபெஸ்டில் யூதக் கணவரோடு வாழ்ந்தவர். 1944 ஜூனில் நாஜிகள் கைது செய்து ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமில் அடைத்தார்கள், மேயரின் அக்கா என்பது தெரிந்தே. அதே முகாமில் வேறொரு பக்கம் தன் மகளும் கைக்குழந்தைப் பேரனும் இருந்தது அவருக்குத் தெரியாது. மூவரும் பிழைத்தார்கள். கணவர் மௌத்ஹவுசன் முகாமில் இறந்தார்.

போருக்குப் பிறகு ஜெம்மா பெர்லினில் வறுமையில் கிடந்தார். தம்பி பணம் அனுப்பினார். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் இதே நிலையில் இருக்கும்போது உனக்கென்று தனிச் சலுகை கேட்க மாட்டேன் என்று எழுதிவிட்டார். 1946-இல் அவர் தலைமை வகித்ததோ அகதிகளுக்கு உதவும் ஐக்கிய நாடுகள் நிவாரண அமைப்பு! 1947 மே மாதம்தான் ஜெம்மா நியூயார்க் வந்து சேர்ந்தார். நேர்மை என்று இதைப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த அக்காவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

குழந்தைகளுக்கு ரேடியோவில் காமிக்ஸ் படித்தாராமே?

1945 ஜூலையில் பத்திரிகை விநியோக ஊழியர்களின் வேலைநிறுத்தம், பதினேழு நாள். ஞாயிற்றுக்கிழமைப் படக்கதை கிடைக்காமல் பிள்ளைகள் தவித்தார்கள். மேயர் தன் ஞாயிறு வானொலி நேரத்தில் டிக் ட்ரேசி என்ற துப்பறியும் படக்கதையை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக, குரல் மாற்றி, துப்பாக்கிச் சத்தமெல்லாம் வாயாலேயே போட்டுப் படித்தார். கேமராக்காரர்கள் வந்து எடுத்த படச் சுருள் இருக்கிறது. கண்ணாடி மூக்கில் நழுவ, கையை ஆட்டி ஆட்டிப் படிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராமல் போகாது.

நான்காவது முறை ஏன் நிற்கவில்லை?

சோர்வு, கூட்டணியின் விரிசல், நகரத்தின் கடன். மூன்றாவது முறை ஜெயித்தபோதே மனசு ஊரில் இல்லை. போரில் ஜெனரலாகும் ஆசை இருந்தது, கிடைக்கவில்லை. ரூஸ்வெல்ட் அவரிடம் சிவில் பாதுகாப்பு அலுவலகத்தைக் கொடுத்தார், இரண்டு குதிரையில் சவாரி செய்து அதையும் பாதியில் விட்டார். 1945 கடைசி நாளோடு பதவி முடிந்தது. 1947 செப்டம்பர் 20 அன்று, பிராங்ஸின் ரிவர்டேல் பகுதியிலிருந்த வீட்டில், கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 64. விட்டுப்போனது அடமானத்தில் இருந்த அந்த வீடும் 8,000 டாலர் போர்ப் பத்திரங்களும்.

நியூயார்க் போனால் எங்கே அவரைப் பார்க்கலாம்?

கிரீன்விச் வில்லேஜில் அவர் பெயரிலேயே உள்ள லா கார்டியா பிளேஸில் வெண்கலச் சிலை இருக்கிறது. கம்பீரமாக நிற்கும் தலைவர் சிலை என்று எதிர்பார்க்காதீர்கள். வாயைத் திறந்துகொண்டு, யாரையோ அதட்டியபடி வேகமாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். அவர் பிறந்த சல்லிவன் தெரு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.